மூன்று மில்லிமீட்டர் கண்: சுண்டெலியை வைத்துக் கிட்டப்பார்வையை ஆராய்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் பிள்ளையைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனால், திரும்பும்போது கையில் ஒரு சீட்டு இருக்கும். வலக்கண் மைனஸ் 2.50, இடக்கண் மைனஸ் 2.25. "பவர் ரெண்டரையாம்" என்று வீட்டில் சொல்வோம். கண்ணின் பலம் குறைந்துவிட்டது என்றே பலரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த எண் சொல்வது பலத்தை அல்ல, நீளத்தை. கண்விழி முன்பின்னாக இருக்கவேண்டியதைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிட்டது. உள்ளே வரும் ஒளி விழித்திரையை எட்டும் முன்பே குவிந்துவிடுகிறது. கையில் இருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும், பலகையில் எழுதியது மங்கும்.

பிறந்த குழந்தையின் கண் 16 அல்லது 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்தவருக்கு 23, 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி முன்கூட்டியே அளவெடுத்து வெட்டிய சட்டை அல்ல. உடம்பில் போட்டுப் பார்த்து, இங்கே கொஞ்சம் பிடி, அங்கே கொஞ்சம் விடு என்று தைப்பது போன்றது. விழித்திரையில் விழும் படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் தன் நீளத்தை முடிவு செய்கிறது. அந்தப் பார்த்தல் எங்கே நடக்கிறது, யார் யாருக்குச் செய்தி சொல்கிறார்கள், எந்த இடத்தில் கணக்கு தப்புகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் விலங்குகள் வேண்டியிருக்கின்றன. பிள்ளையின் கண்ணை மூன்று வாரம் மூடிவைத்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது, அனுமதியும் கிடையாது.

குரங்கும் கோழிக்குஞ்சும்

1977இல் டோர்ஸ்டன் வீசல், எலியோ ரவியோலா என்ற இரு ஆய்வாளர்கள் குட்டிக் குரங்குகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து வைத்தார்கள். மூடிய கண் நீண்டு கிட்டப்பார்வைக் கண்ணாக மாறியது. அதற்குப் பிறகு கோழிக்குஞ்சுகளில் வேலை வேகமெடுத்தது. குஞ்சின் கண்ணில் பாதியை மட்டும் மங்கலான மூடியால் மறைத்தால், அந்தப் பாதிக்குப் பின்னால் உள்ள சுவர் மட்டும் புடைத்து வளர்ந்தது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை வெட்டிய பிறகும் மூடிய கண் நீளத்தான் செய்தது. ஆக, நீளத்தைப் பற்றிய தீர்மானத்தில் பெரும்பகுதி கண்ணுக்குள்ளேயே எடுக்கப்படுகிறது, மூளையின் கையெழுத்துக்காகக் காத்திருப்பதில்லை. 1988இல் குஞ்சுகளுக்கு லென்ஸ் மாட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மைனஸ் லென்ஸ் போட்டால் கண் நீள்கிறது, பிளஸ் லென்ஸ் போட்டால் நீள்வது தணிகிறது. படம் மங்குகிறது என்பது மட்டுமல்ல, விழித்திரைக்கு முன்னால் மங்குகிறதா பின்னால் மங்குகிறதா என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது.

இவ்வளவு நன்றாக வேலை செய்யும் கோழிக்குஞ்சை விட்டுவிட்டு எலியிடம் ஏன் போகவேண்டும்? இரண்டு காரணங்கள். கோழியின் கண்ணின் வெளிச்சுவரில் குருத்தெலும்பு இருக்கிறது, நமக்கு இல்லை, சுண்டெலிக்கும் இல்லை. இரண்டாவது காரணம் பெரியது: மரபணு. சுண்டெலியில் ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் நீக்கலாம், ஒரு குறிப்பிட்ட வகைச் செல்லில் மட்டும் நீக்கலாம், வேண்டிய வயதில் நீக்கலாம். கிட்டப்பார்வையோடு தொடர்புள்ள மரபணு இடங்களை மனிதர்களிடம் நூற்றுக்கணக்கில் பட்டியல் போட்டாயிற்று. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் அந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிடாது. அதை எடுத்துவிட்டால் கண்ணுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க, கையில் இருக்கும் மிக வசதியான பிராணி சுண்டெலிதான்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். தோட்டத்துக்காரர்களிடம் எலி என்றால் செம்பனைப் பழத்தைக் கொறிக்கும் பெரிய எலிதான் நினைவுக்கு வரும். அதைப் பிடிக்கத்தான் செம்பனைக் காட்டில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். ஆய்வகத்தில் இருப்பது அதுவல்ல. வீட்டுச் சுண்டெலியின் வம்சத்தில் வந்த, தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளையே இணைத்து, ஒன்றுக்கொன்று மரபணு மாறாமல் வளர்க்கப்பட்ட இனம். இந்த ஆய்வில் அதிகம் பயன்படுவது சி57பிஎல்/6 என்ற கறுப்புச் சுண்டெலி. தமிழ்ச் செய்திகளில் பெரிய எலி, சுண்டெலி இரண்டுமே 'எலி' என்றுதான் வரும். இரண்டும் வேறு பிராணிகள், ஒன்றில் கண்டதை மற்றதற்கு அப்படியே சொல்ல முடியாது. இனி இங்கே எலி என்று வருவதெல்லாம் இந்தச் சுண்டெலிதான்.

எவ்வளவு சின்னது என்பதில்தான் எல்லாத் தொல்லையும்

வளர்ந்த சுண்டெலியின் கண் முன்பின்னாக 3.3 மில்லிமீட்டர் அளவு. ஒரு மிளகை நினைத்துக்கொள்ளலாம், அதிலும் சின்ன மிளகு. அதற்குள் சுமார் 2 மில்லிமீட்டரை லென்ஸே அடைத்துக்கொண்டிருக்கிறது. நம் கண்ணில் லென்ஸ் மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்குதான்.

கண்ணாடிச் சீட்டில் வரும் பவர் எண்ணின் அலகு டயாப்டர். நமக்கு ஒரு டயாப்டர் கிட்டப்பார்வை வர, கண் ஏறக்குறைய 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளவேண்டும். சுண்டெலிக்கு வேண்டியது 5 முதல் 6 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டு, அதில் ஐந்தாறு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்தால், அந்த முடியளவு பிழை பத்து டயாப்டருக்கும் மேல். முடியில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே ஒரு டயாப்டர் போய்விடும். எலிக் கிட்டப்பார்வை ஆய்வில் வரும் சண்டை சச்சரவுகளில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்து கிளம்புபவை.

கண்ணாடி மாட்டும் வேலை

சுண்டெலிக்குட்டி 12 முதல் 14 நாளில் கண் திறக்கிறது. 21ஆம் நாள் தாய்ப்பாலை மறக்கிறது. பெரும்பாலான ஆய்வுகள் அந்த 21ஆம் நாளில் தொடங்கும். கண் இன்னும் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும், குட்டியும் தானாகத் தின்னும். எடை 10 கிராமுக்குப் பக்கத்தில்.

படத்தைக் கெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பால் நிறத்து மூடியைக் கண்முன் வைத்து உருவத்தையே மறைப்பது. வெளிச்சம் வரும், வடிவம் வராது. மற்றொன்று மைனஸ் லென்ஸ். சிங்கப்பூரில் பாரதி முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இமையை மூடுவதையும் மைனஸ் 10 லென்ஸையும் வெள்ளைச் சுண்டெலியில் செய்து காட்டினார்கள். தோக்கியோவின் கேயோ பல்கலைக்கழகக் குழு 2018இல் மைனஸ் 30 லென்ஸ் வைத்தது. மைனஸ் 30 என்றதும் மலைக்க வேண்டாம். எலியின் பார்வை அவ்வளவு கூர்மை அற்றது. நம் கண் பிரித்தறியும் கோடுகளைவிட அறுபது மடங்கு அகலமான கோடுகளைத்தான் அதனால் பிரித்தறிய முடியும். ஆகவே சிறிய மங்கல் அதற்கு மங்கலாகவே படாது. பிள்ளையின் கண்ணில் 1 டயாப்டர் செய்வதை எலியின் கண்ணில் செய்ய அதைவிட எத்தனையோ மடங்கு வேண்டும்.

கண்ணிமையைத் தைக்கும் பழைய முறை இப்போது அருகிவிட்டது. மூடிய இமை கருவிழியை அழுத்தும், சூடாக்கும். கருவிழியின் வளைவு மாறினால் பார்வை எண்ணும் மாறும். பிறகு வந்த மாற்றம் கண் நீண்டதாலா, முன்பக்கம் தட்டையானதாலா என்று பிரிக்க முடியாது.

அதனால் சட்டகம். மயக்க மருந்து கொடுத்து, வலி மருந்தும் கொடுத்து, தலைத்தோலைச் சிறிது விலக்கி, பல் வைத்தியர் பயன்படுத்தும் சிமெண்டால் மண்டையோட்டில் ஒரு சிறு தண்டை ஒட்டுவார்கள். அதில் கண்ணாடிச் சட்டகம் திருகில் மாட்டும், கழற்றலாம். ஒரு கண்ணுக்கு மைனஸ் லென்ஸ், மற்ற கண்ணுக்குப் பவர் இல்லாத வெறும் லென்ஸ். இந்த வெறும் லென்ஸைச் சிலர் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள், அது தவறு. சட்டகத்தின் கனம், லென்ஸில் படியும் அழுக்கு, ஓரங்களில் மறையும் வெளிச்சம் எல்லாம் இரண்டு கண்ணுக்கும் சமமாக இருந்தால்தான், வித்தியாசம் பவரால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியும்.

எலி சும்மா இருக்காது. முகத்தில் எது ஒட்டியிருந்தாலும் பின்னங்காலால் பிறாண்டும். எனவே மாட்டும் அன்றே நகத்தை வெட்டவேண்டும், பிறகும் அவ்வப்போது. ஆண் குட்டிகளை ஒரே கூண்டில் கூட்டமாக விட்டால் ஒன்றின் கண்ணாடியை மற்றது கடித்துப் பிடுங்கும். லென்ஸ் கண்ணுக்கு மிக அருகில் இருந்தால் ஆவி படியும், கருவிழியில் உரசிப் புண்ணாகும். தள்ளி இருந்தால் ஓரத்து இடைவெளி வழியாக எலி தெளிவாகப் பார்த்துக்கொள்ளும், மூன்று வார வேலையும் வீணாகும்.

மிக அதிகமாக ஏமாற்றுவது அழுக்குதான். கூண்டில் போடும் மரத்தூளும் எலியின் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து மூன்று நான்கு நாளில் லென்ஸ் மேல் மங்கலான ஏடு பிடிக்கும். அதன் பிறகு அது மைனஸ் லென்ஸ் அல்ல, பால் மூடி. கண் நீளும், ஆய்வாளர் லென்ஸ் வேலை செய்தது என்று எழுதுவார். நடந்தது வேறு. ஆகவே வாரத்துக்கு இரண்டு முறையாவது கழற்றித் துடைக்க வேண்டும். அதுவும் விரைவாக, ஏனென்றால் கண்ணாடி இல்லாத நேரம் முழுவதும் கண் தெளிவான படத்தைப் பார்க்கிறது. கோழிக்குஞ்சு, மரமூஞ்சூறு ஆய்வுகளில் ஒரு நாளில் சிறிது நேரத் தெளிவான பார்வையே நீளும் வேகத்தைப் பெருமளவு தணித்துவிட்டது.

கூண்டு வைக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்பது வழக்கம். நம் நாட்டில் வருடம் முழுவதும் இயற்கையாகவே ஏறக்குறைய அப்படித்தான், ஆய்வகத்தில் விளக்கு வைத்துச் செய்கிறார்கள். ஆனால் அடுக்கின் மேல்தட்டுக் கூண்டுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் சிறு பங்குதான் கீழ்த்தட்டுக்குப் போகும். வெளிச்சமே கண் வளர்ச்சியை மாற்றும் காரணி என்பதால், மைனஸ் லென்ஸ் கூட்டம் மேலேயும் மற்றது கீழேயும் இருந்துவிட்டால் முடிவுக்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு கூண்டிலும் எலியின் கண் மட்டத்தில், வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் சொல்லும் லக்ஸ் மீட்டர் வைத்து அளந்து, இடம் மாற்றி மாற்றி வைக்கவேண்டும்.

இனத்தையும் சோதிக்க வேண்டும். ஆய்வகச் சுண்டெலி இனங்கள் சிலவற்றில் விழித்திரையே அழிந்துபோகும் ஆர்டி1 என்ற மரபுப் பிறழ்வு பரம்பரையாக வருகிறது. சி57பிஎல்/6இலேயே 'என்' என்ற கிளையில் ஆர்டி8 என்ற பிறழ்வு இருக்கிறது, 'ஜே' கிளையில் இல்லை. மரபணு நீக்கிய எலியை 'என்' கிளையிலிருந்து வாங்கி 'ஜே' கிளையோடு ஒப்பிட்டால், காணும் வேறுபாடு நீக்கிய மரபணுவால் வந்ததா, ஆர்டி8ஆல் வந்ததா என்ற கேள்வி எழும். வாலின் நுனியை எடுத்து ஒரு டிஎன்ஏ சோதனை செய்தால் போதும். செய்யாமல் விட்டால் வருடங்கள் போகும்.

அளப்பது

இரண்டு கருவிகள் வேண்டும். பார்வை எண்ணை அளப்பதற்கு அகச்சிவப்பு ஒளிப்படக் கருவி. கேமரா லென்ஸுக்குக் கீழே எல்இடி விளக்குகளை வைத்து, கண்மணிக்குள் திரும்பி வரும் ஒளி மேலிருந்து கீழாக எப்படி மங்குகிறது என்று பார்க்கும். அந்தச் சரிவிலிருந்து எத்தனை டயாப்டர் என்று கணிக்கும். அகச்சிவப்பு எலிக்குத் தெரியாது, கூசாது. கருவியை நம்பும் முன், எண் தெரிந்த லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கண்முன் பிடித்து, கருவி அதே எண்ணைச் சொல்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

நீளத்துக்கு ஓசிடி என்ற, ஒளியால் கண்ணின் உள்ளடுக்குகளைப் படமெடுக்கும் கருவி. கண்ணாஸ்பத்திரியில் விழித்திரையைப் படம் எடுக்கும் அதே தத்துவம். கருவிழியின் முன்புறத்திலிருந்து விழித்திரை வரை ஒவ்வொரு எல்லையையும் கோடாகக் காட்டும். கண் சற்று சாய்ந்திருந்தாலே மைக்ரான்கள் தப்பும், அதனால் ஒவ்வொரு கண்ணையும் மறுபடி மறுபடி நிமிர்த்தி வைத்துப் பலமுறை அளந்து சராசரி எடுப்பார்கள். மொத்த நீளத்தை மட்டும் குறிப்பது போதாது. எலியின் லென்ஸ் ஆயுள் முழுக்கத் தடித்துக்கொண்டே போகிறது, அதற்குப் பின்னால் உள்ள கண்ணாடித் திரவ அறை வயதாக ஆகச் சுருங்குகிறது. லென்ஸ் தடித்ததால் வந்த நீளத்தைக் கிட்டப்பார்வை நீளம் என்று எழுதிவிடக் கூடாது. கருவிழி, முன்அறை, லென்ஸ், பின்அறை என்று தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும். கண்ணின் நீளம் ஒரு நாளுக்குள்ளேயே சற்று ஏறி இறங்குவதால், முதல் அளவு காலை ஒன்பது மணிக்கு என்றால் கடைசி அளவும் காலை ஒன்பதுக்கு.

மயக்க மருந்து ஒரு தந்திரம் காட்டும். மயங்கிய எலி இமைப்பதில்லை. சில நிமிடங்களில் கருவிழி காய்ந்து, லென்ஸ் பால் போல் வெளுத்துவிடும். கண்புரை மாதிரியே இருக்கும், எலி விழித்ததும் பெரும்பாலும் தானாகத் தெளியும். ஆனால் அந்த நேரத்தில் எடுத்த அளவு குப்பை. சொட்டு உப்புநீரோ செயற்கைக் கண்ணீரோ விட்டுக்கொண்டே இருக்கவேண்டும், உடம்பு குளிராமல் சூட்டு மெத்தையில் வைக்கவேண்டும்.

இன்னொரு ஏமாற்று, கண் சின்னதாக இருப்பதாலேயே வருவது. அளக்கும் ஒளி, பார்க்கும் செல்கள் இருக்கும் அடியடுக்கிலிருந்து திரும்பாமல் விழித்திரையின் மேல்பரப்பிலிருந்தே திரும்பிவிடுகிறது. 24 மில்லிமீட்டர் கண்ணில் விழித்திரையின் தடிமன் பொருட்டில்லை. 3.3 மில்லிமீட்டர் கண்ணில் அதுவே பல டயாப்டர். அதனால்தான் இயல்பான சுண்டெலி கூடப் பிளஸ் பவர் உள்ளதாகக் கருவியில் தெரியும். 1970இலேயே கிளிக்ஸ்டீனும் மில்லோடோவும் எச்சரித்துவிட்ட விஷயம் இது. எனவே ஒரு சுண்டெலிக்குப் பவர் பிளஸ் 5 என்று தனியாகச் சொல்வதில் பொருள் குறைவு. மூடிய கண்ணுக்கும் திறந்த கண்ணுக்கும் இடையில் எத்தனை டயாப்டர் என்றால், அந்தப் பிழை இரண்டிலும் சமமாக இருப்பதால் கழிந்துபோகும். இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் தேடவேண்டிய எண் அந்த வித்தியாசம்தான்.

எலி சொன்னதும் சொல்ல முடியாததும்

இத்தனை பாடுபட்டு என்ன கிடைத்தது? நோப் என்ற சுண்டெலியை எடுத்துக்கொள்வோம். வெளிச்சம் கூடும்போது செய்தி அனுப்பும் 'ஆன்' பாதை அதன் விழித்திரையில் அறுந்திருக்கிறது, காரணம் நைக்ஸ் என்ற மரபணுவின் கோளாறு. அதே மரபணு கெட்ட மனிதர்களுக்கு மாலைக்கண்ணும் கடுமையான கிட்டப்பார்வையும் சேர்ந்தே வருகின்றன. 2008இல் அமெரிக்காவில் மச்செல் பர்டூவின் குழு, கண்ணை மறைத்தால் நோப் எலி சாதாரண எலியைவிட விரைவாகக் கிட்டப்பார்வைக்குச் சாய்கிறது என்றும், அதன் விழித்திரையில் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு குறைவு என்றும் காட்டியது. நோயாளியிடம் கண்ட ஒன்று, ஒரு மரபணு, ஒரு வேதிப்பொருள் மூன்றும் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டது அங்கேதான். கோழிக்குஞ்சால் இதைச் செய்திருக்க முடியாது.

டோபமைன் வெளிச்சத்தில் அதிகம் சுரக்கும். 2500 முதல் 5000 லக்ஸ் வெளிச்சத்தில் வளர்த்த சுண்டெலிகளில், கண்ணை மறைத்தாலும் கிட்டப்பார்வை குறைவாகவே வந்தது. டோபமைனின் செய்தியைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் டி1 வாங்கியை மருந்தால் அடைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். நம்மூர் வெயிலில் பள்ளித் திடல் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல், மரநிழலில் கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்ட பள்ளிகளில், மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. 2015இல் வந்த முடிவு இது. பிள்ளைகளிடம் கண்டதற்கு உள்காரணம் தேடும் இடத்தில் எலி உதவுகிறது.

ஊதா வெளிச்சத்தைப் பற்றிய செய்தியை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று படிக்கவேண்டும். 2021இல் கேயோ குழு, 360 முதல் 400 நானோமீட்டர் ஊதா ஒளி சுண்டெலியில் லென்ஸால் வரும் கிட்டப்பார்வையைத் தடுக்கிறது, விழித்திரையில் ஓபிஎன்5 என்ற புரதம் இல்லாவிட்டால் தடுப்பதில்லை என்று காட்டியது. அழகான ஆய்வு. ஆனால் சுண்டெலியின் லென்ஸ் புற ஊதாவையே உள்ளே விடும், நிறம் காணும் செல்களில் ஒரு வகை அதற்கென்றே இருக்கிறது. நம் லென்ஸ் அந்த ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது.

கைப்பேசியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது கெடுதலா என்று எலியிடம் கேட்கவே முடியாது. பக்கத்தில் பார்க்க நம் கண்ணுக்குள் ஒரு தசை லென்ஸைக் குண்டாக்கும். சுண்டெலிக்கு அந்தத் திறன் இல்லை என்றே சொல்லலாம். எழுத்தைக் கூர்ந்து பார்க்க நமக்கு விழித்திரை நடுவில் உள்ள சிறு குழிவும் அதற்கு இல்லை. இரவில் திரியும் பிராணி, அதன் பார்வைச் செல்களில் நூற்றுக்கு 97 மங்கிய வெளிச்சத்துக்கானவை.

மருந்து ஆய்வில் வேறொரு சிக்கல். கிட்டப்பார்வை கூடுவதைத் தணிக்க இப்போது பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தின் அளவை நிர்ணயித்தது எலி அல்ல. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளில்தான் 0.01, 0.05 விழுக்காடு என்ற எண்கள் அலசப்பட்டன. எலியில் ஏன் அளவைப் பார்க்க முடியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 3.3 மில்லிமீட்டர் உருண்டையின் கொள்ளளவு 19 மைக்ரோலிட்டர்கூட இல்லை. சொட்டுப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு 40 மைக்ரோலிட்டர் இருக்கும். கண்ணைப்போல் இரண்டு மடங்கு மருந்து. நுண்குழாயில் உறிஞ்சி ஐந்து மைக்ரோலிட்டர் வைத்தாலும் வழிவது மூக்கு வழியாக இரத்தத்தில் கலக்கும், 20 கிராம் உடம்பில் அது சிறிய அளவு அல்ல. இரத்தம் அதை மறு கண்ணுக்கும் கொண்டு போகும். ஒப்பிட்டுப் பார்க்க என்று மருந்தில்லாமல் விட்டுவைத்த கண்ணுக்கும் மருந்து போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் மருந்து ஆய்வு என்றால் எதிர்க்கண் போதாது, வெறும் உப்புநீர் மட்டும் விட்ட தனி எலிக் கூட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும்.